நடக்க முடிந்தது, ஆனாலும் முறிந்திருந்தது

2019 கார்த்திகை. மட்டக்களப்பு மாவட்டத்து மண்டூரில் அன்று விடிய விடிய மழை. காலையில் படிப்பிக்கப் பாடசாலைக்கு வெளிக்கிடுமுன் கிணற்றடிக்குப் போனேன். சீமெந்துத் தரையில் பாசி. வலது பாதம் ஓரிடத்தில் மாட்டிக்கொள்ள, உடம்பு மட்டும் திரும்பி விழுந்தேன். விழும்போதே 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் எழும்பி, சுவரைப் பிடித்து நொண்டி நொண்டி வீட்டுக்குள் வந்துவிட்டேன். நான் நடந்த அந்தப் பத்துப் பன்னிரண்டு அடிதான் எல்லாரையும் ஏமாற்றிவிட்டது. "முறிஞ்சா நடக்க ஏலுமா புள்ள? இது சுளுக்குத்தான்" என்றார் அம்மா. மாமியும் அதையே சொன்னார். தவணைப் பரீட்சை நெருங்கியிருந்ததால் எனக்கும் அதை நம்பத்தான் விருப்பம். அம்மா நோவெண்ணெயைச் சூடாக்கி இரண்டு வேளையும் உருவிவிட்டார். மூன்று நாள் இப்படியே போனது. வீக்கம் வற்றவில்லை. கருநீலம் குதிக்கு இறங்கி விரல்கள் வரை பரவியது. செருப்புக்குள் கால் நுழையவில்லை.

அந்த மூன்று நாட்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நம் ஊர்களில் எத்தனையோ பேர் இப்படி நாட்களை இழக்கிறார்கள்.

நான்காம் நாள், பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் வாவியைக் கடந்து குருமண்வெளிக்குப் போய், அங்கிருந்து ஓட்டோவில் களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்குப் போனோம். இளம் டொக்டர் ஒருவர். காலைத் திருப்பியோ முறுக்கியோ பார்க்கவில்லை. கணுக்காலின் வெளிப்புற மொழியின், அதாவது புடைத்து நிற்கும் எலும்பின், பின்விளிம்பை நுனியிலிருந்து மேல்நோக்கி ஒரு விரலால் அழுத்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் உயிரே போவது போல் நொந்தது. "எக்ஸ்ரே எடுப்பம்" என்றார்.

1992 இல் கனடாவின் ஒட்டாவா நகர வைத்தியர்கள் வகுத்த விதி அது என்று பின்னர் தெரிந்துகொண்டேன். வெளிப்புறமோ உட்புறமோ, மொழியின் நுனியிலோ பின்விளிம்பில் கீழ் 6 சென்ரிமீற்றருக்குள்ளோ எலும்பை அழுத்த நொந்தால் எக்ஸ்ரே வேண்டும். விழுந்த உடனேயும் வைத்தியசாலையிலும் 4 அடி வைக்க முடியாவிட்டாலும் வேண்டும். இரண்டில் ஏதோ ஒன்று இருந்தாலே போதும். நான் நடந்தேன்தான், ஆனால் எலும்பு நொந்தது. அந்த நோவை வீட்டில் யாரும் தேடிப் பார்க்கவில்லை.

முறிந்த காலால் எப்படி நடந்தேன்? முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள். உடல் பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்குவது உட்பக்கத்தின் தடித்த எலும்பு. எனக்கு முறிந்தது வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பு, பாடப்புத்தகத்தில் கணைக்கால் வெளியென்பு என்று படித்தது. அந்த இரண்டின் கீழ்முனைகளும் சேர்ந்து, குதிக்கு மேலுள்ள ஒரு சிறிய எலும்பை இரு பக்கமும் அணைத்துப் பிடித்திருக்கின்றன. அந்தப் பிடிக்குள் அது அசைவதால்தான் பாதம் மேலும் கீழும் மடங்குகிறது. வெளிச்சுவர் உடைந்து, எலும்புகளைப் பிணைக்கும் உட்பக்க நாரும் கிழிந்தால் நடுவில் இருப்பது வெளியே நகர்ந்துவிடும். எனக்கு நகர்ந்திருந்தது, படத்தில் மிகச் சிறிய இடைவெளிதான்.

"இவ்வளவுதானே, பிளாஸ்டர் போட்டால் சரிவராதா?" என்று கேட்டேன். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் எலும்புமுறிவு நிபுணர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். நடு எலும்பு 1 மில்லிமீற்றர் விலகினாலே மூட்டில் எலும்புகள் ஒன்றையொன்று தொடும் பரப்பு ஏறத்தாழ 42 வீதம் குறைந்துவிடும் என்று 1976 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருக்கிறதாம். பாரம் முழுவதும் சிறிய இடத்தில் விழும், சில வருடங்களில் மூட்டுத் தேய்ந்துவிடும். எலும்பு தானாகவே ஒட்டும், ஆனால் எந்த இடத்தில் ஒட்டுகிறது என்பதுதான் முக்கியம் என்றார். நகராத முறிவாக இருந்திருந்தால் பிளாஸ்டரோடு வீட்டுக்கு வந்திருப்பேன். பலருக்கு அதுவே போதும்.

உடனே ஒப்பரேசன் செய்யவில்லை. வீங்கி இழுபட்ட தோலை வெட்டினால் காயம் மூடாது, கிருமியும் தொற்றும். கீழே அரைப் பிளாஸ்டர் வைத்துக் கட்டி, காலைத் தலையணைகளில் நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைத்தார்கள். தினமும் காலையில் வந்து, வீக்கம் வற்றித் தோலில் சுருக்கம் விழுகிறதா என்று பார்த்தார்கள். எண்ணெய் போட்டு உருவியதுதான் வீக்கத்தைக் கூட்டியிருக்கும் என்றார் தாதி மிஸ். அம்மா கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி அழுதுவிட்டார். அவர் செய்தது அன்பினால். ஆனாலும் சொல்கிறேன்: விழுந்த காலை உருவ வேண்டாம், சூடு வைக்க வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸை 15, 20 நிமிடம் வைத்து, காலை உயர்த்தி, அசையாமல் கட்டி, எக்ஸ்ரேக்குப் போங்கள்.

ஆறாம் நாள் சுருக்கம் விழுந்தது. முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே விறைக்க வைத்துத் தகடும் ஆணிகளும் பொருத்தினார்கள். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

கஷ்டம் வீட்டில்தான். ஆறு கிழமை அந்தக் காலை நிலத்தில் ஊன்றவே கூடாது. எங்கள் முற்றம் மணல். கிரச்சஸின் நுனி புதையும், மழை பெய்தால் இன்னும் மோசம். என் கணவர் வாசலிலிருந்து மலசலகூடம் வரை பலகை போட்டார். குந்தி இருக்க முடியாதே! பிளாஸ்டிக் கதிரை ஒன்றின் நடுவை வெட்டி வைத்ததும் அவர்தான். கிரச்சஸ் பிடிக்கும்போது பாரம் உள்ளங்கையில் இருக்க வேண்டும். நான் முதல் கிழமை அக்குளில் தொங்கி, விரல்கள் விறைத்துப் பயந்துபோனேன்.

வைத்தியசாலையில் சொல்லி அனுப்பிய சிலதைக் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். பிளாஸ்டருக்குள் நோ கூடிக்கொண்டே போனாலோ, விரல்கள் நீலம் பாய்ந்து குளிர்ந்தாலோ விறைத்தாலோ, விடியும்வரை பார்த்திருக்கக் கூடாது. கெண்டைக்கால் வீங்கி நொந்தால் இரத்தம் கட்டியிருக்கலாம். அதோடு மூச்சும் முட்டினால் உயிர் ஆபத்து. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் ஆறுவது பிந்தும்.

பிளாஸ்டரை எடுத்த நாள் என் காலையே எனக்கு அடையாளம் தெரியவில்லை. மெலிந்து, தோல் உரிந்து, பலகை மாதிரி விறைத்துப்போயிருந்தது. பிசியோதெரபி மிஸ் பெருவிரலால் காற்றில் எழுத்து எழுதச் சொன்னார். கட்டிலில் இருந்தபடி 'அ' எழுதவே கண்ணீர் வந்தது. 'ஃ' வரை போக இரண்டு கிழமை பிடித்தது. அப்புறம் துவாயைப் பாதத்தில் மாட்டி இழுப்பது, பல் விளக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது. சலிப்பான வேலைதான், ஆனாலும் விடாதீர்கள். எலும்பு ஒட்டியதோடு எல்லாம் முடிந்தது என்று பயிற்சியை விட்டவர்களின் நடையைக் கிளினிக்கில் பார்த்தேன், அதனால்தான் சொல்கிறேன்.

மூன்று மாதம் கழித்துப் பாடசாலைக்குப் போனேன். பின்னேரமானால் கால் வீங்கும், ஒரு வருடம் வரை அப்படி இருந்தது. தகடு உள்ளேதான் இருக்கிறது. தொந்தரவு தராவிட்டால் எடுக்கத் தேவையில்லை என்றார்கள்.

போன வருடம் பக்கத்து வீட்டுப் பொடியன் பந்தடித்து விழுந்து வந்தான். "நடக்கிறான்தானே" என்றார் அவன் தாய். அம்மா குனிந்து மொழியின் பின்விளிம்பை விரலால் அழுத்தினார். அவன் கத்தினான். "ஓட்டோவைக் கூப்பிடுகா" என்றார் அம்மா.

எனக்குக் கடைசியாகத் திரும்பி வந்தது குந்தி இருப்பதுதான். கிணற்றடியில் குந்தியிருந்து உடுப்புத் துவைக்க ஒன்றரை வருடம் எடுத்தது. தரையில் இப்போது பாசி இல்லை. மாரி வந்தால் இவர் கிழமைக்கு ஒருதரம் தும்புத்தடியால் உரஞ்சிவிடுகிறார்.