வா சொல்லு!

மூன்று வயது நிரம்பாத பிள்ளைகளிடம் எலக்ட்ரான் எடுபடாது என்று தெரிந்தும், அன்று காலை ஒரு விளக்கத்தை மனப்பாடம் செய்துகொண்டுதான் வகுப்புக்குள் போனேன். பலூனைத் தலையில் தேய்த்தால் முடியிலிருந்து எலக்ட்ரான்கள் பலூனுக்குப் போய்விடும். முடிகளெல்லாம் நேர்மின்னூட்டத்தோடு ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு சிலிர்த்து நிற்கும். இதை "பலூனுக்கு முடின்னா ரொம்பப் பிடிக்கும்" என்று சுருக்கி வைத்திருந்தேன்.

தேய்த்தேன், தேய்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. முந்தின இரவு பெய்த மழை. காற்றில் ஈரம் இருந்தால் பொருட்களின் மேல் படியும் நீர்ப்படலம் வழியே மின்னூட்டம் கசிந்துவிடும். "மிஸ் தலை சீவுறாங்க" என்றாள் ஒருத்தி. அடுத்த தேய்ப்பில் பலூன் வெடித்தது. இரண்டு பேர் அழ, நான் தவழ்ந்து தவழ்ந்து துண்டுகளைப் பொறுக்கினேன். எதையும் வாயில் போடும் வயது. ஒரு துண்டு தொண்டையில் ஒட்டினால் மூச்சடைத்துவிடும். பலூன் சகவாசம் அன்றோடு போயிற்று.

வெயில் காய்ந்த ஒரு நாளில் பிளாஸ்டிக் ஸ்கேலும் கம்பளித் துணியும் எடுத்துக்கொண்டேன். டிஷ்யூ பேப்பரை உள்ளங்கை அகலத்துக்குக் கிழித்துப் போட்டேன். வாயே திறக்கவில்லை. தேய்த்த ஸ்கேலைக் கிட்டே கொண்டுபோனதும் காகிதத்தின் ஓரம் மட்டும் எழுந்தது, நடுங்கியது, சட்டென்று தாவி ஒட்டிக்கொண்டது.

எதிலும் இரண்டு நிமிடம் தங்காத பையன் ஒருவன் ஸ்கேலைப் பிடுங்கி, தேய்க்காமலே நீட்டி, "வா" என்றான். வரவில்லை. "வா!" தேய்க்கச் சொல்ல வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டேன், என் வேலையில் எனக்கு இன்னும் கைவராதது அதுதான். பக்கத்திலிருந்தவள் கம்பளியை அவன் மடியில் போட்டாள். தேய்த்தான். "வா." வந்தது.

அதன் பிறகு கூப்பிடாமல் அவன் ஸ்கேலை நீட்டவே இல்லை. சிரிப்பு வந்தது. ஆனால் 2,600 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்கர் தேலீஸ்கூட, தேய்த்த அம்பர், அதாவது கல்லாக இறுகிய பழைய மரப்பிசின், பிற பொருட்களை இழுப்பதைப் பார்த்து அதற்கு உயிர் உண்டு என்று எண்ணியதாகத்தான் சொல்வார்கள்.

அப்புறம் அந்தப் பெண் தேய்த்தாள். எதுவும் சொல்லாமல் நீட்டினாள். காகிதம் ஒட்டியது. பையன் அதையே உற்றுப் பார்த்தான். "வா சொல்லு!" என்று அவளை அதட்டினான். அவள் கண்டுகொள்ளவில்லை. ஏற்கெனவே ஒட்டியிருந்த காகிதத்தின் அருகில் குனிந்து, அவளுக்கும் சேர்த்து அவனே சொன்னான்: "வா."