யாரா ஆற்றில் திருத்தப்பட்ட விடை

1970ஆம் ஆண்டில் உயர்தர வகுப்பின் விலங்கியல் பாடவேளை ஒன்றில், எமது ஆசிரியர் நிறச் சுண்ணக்கட்டிகளால் கரும்பலகை நிறைய ஒரு விலங்கை வரைந்தார். வாத்தின் அலகு, மயிர் அடர்ந்த உடல், தட்டையான வால், ஆணின் பின்னங்காலில் சிவப்பாக ஒரு நச்சுமுள். பிளாட்டிபஸ் என்னும் அவ்விலங்கை நாங்களும் கண்டதில்லை, அவரும் கண்டதில்லை. தவணைப் பரீட்சையில் நான் அதனை ‘ஊர்வனவற்றுக்கும் முலையூட்டிகளுக்கும் இடைப்பட்டது’ என்று எழுதியிருந்தேன். அவர் ‘இடைப்பட்டது’ என்ற சொல்லைச் சிவப்பு மையால் வெட்டி, ‘தன் ஆற்றுக்கு முழுமையானது’ என்று ஓரத்தில் எழுதித் தந்தார்.

அத்திருத்தம் எனக்கு விளங்கியது மெல்பேர்ணில் குடியேறிய பின்னர்தான். நகரின் கிழக்கே வாரண்டைட் பகுதியில், யாரா ஆற்றங்கரையில் ஒரு குளிர்கால மாலை, தேங்காய் மட்டை மிதப்பதுபோல ஏதோ ஒன்று நீர்மட்டத்தில் தெரிந்து, வளைய வளையமாக அலையை விட்டுவிட்டு மறைந்தது. ஒரு நிமிடத்துக்குள் மீண்டும் மேலே வந்தது. நான் எதிர்பார்த்ததைவிட அது மிகச் சிறியது. வளர்ந்த ஆண்கூட வாலோடு சேர்த்து ஏறத்தாழ அரை மீற்றர்தான்.

மூழ்கும்போது அது கண்ணையும் காதையும் மூக்குத் துவாரங்களையும் ஒருசேர மூடிக்கொள்கிறது. பின்னர் வழிகாட்டுவது அலகுதான். வாத்தின் அலகைப்போல அது கடினமானதன்று. ஈரத் தோலைப்போல மென்மையானது. அதில் ஏறத்தாழ 40,000 மின்னுணர் வாங்கிகள் உள்ளன. சேற்றுக்குள் ஒளிந்திருக்கும் பூச்சிக் குடம்பியோ இறாலோ அசையும்போது அதன் தசையில் எழும் நுண்ணிய மின்துடிப்பை, தலையை இருபுறமும் வீசி வீசி அது உணர்ந்துவிடுகிறது. பிடித்த இரையைக் கன்னப் பைகளில் அடக்கிக்கொண்டு மேலே வந்து, பல்லில்லாத வாயின் கொம்புத் தகடுகளால் அரைக்கிறது. முன்பாதச் சவ்வு நீந்துகையில் நகங்களுக்கு அப்பாலும் விரிகிறது; வளை தோண்டுகையில் உள்ளே மடங்குகிறது. இத்தனை நுட்பம் கொண்ட உடலை முடிவுறாத ஒன்றாக எழுதியது எவ்வளவு தவறென்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அறிஞர்களும் அதனை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. 1799இல் பிரித்தானிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் ஷோ, தமக்குக் கிடைத்த பதப்படுத்திய உடலை விவரித்தபோது, யாரோ அலகை ஒட்டி ஏமாற்றியிருக்கலாம் என்றே ஐயுற்றார். அது முட்டையிடுகிறதா என்னும் வாதம் 1884 வரை நீடித்தது. அவ்வாண்டு குயின்ஸ்லாந்தின் பேர்னெற் ஆற்றுப் பகுதியிலிருந்து விலங்கியலாளர் வில்லியம் கால்ட்வெல், அது முட்டையிடுகிறது என்று அனுப்பிய தந்தியே அதனை முடித்துவைத்தது. அவருக்காக ஆற்றங்கரைகளில் தேடி உழைத்தவர்கள் அவுஸ்திரேலியாவின் பழங்குடி மக்கள். அவர்களுடைய பெயர்கள் அவருடைய பெயரைப்போல நிலைக்காமற்போனது எனக்கு இன்றும் வருத்தமே.

பெண் பெரும்பாலும் இரண்டு முட்டைகளை இட்டு, வாலை வயிற்றோடு மடித்து அவற்றை அணைத்துக்கொண்டு, ஏறத்தாழப் பத்து நாட்கள் வளைக்குள் சுருண்டு கிடக்கும். அதற்கு முலைக்காம்பு கிடையாது. வயிற்றுத் தோலில் கசியும் பாலைக் குஞ்சுகள் உறிஞ்சுகின்றன. நாம் வகுப்பில் பயின்ற ‘முலையூட்டி’ என்னும் சொல்லைவிடத் தமிழ்நாட்டார் வழங்கும் ‘பாலூட்டி’ இவ்விலங்குக்குச் சாலப் பொருந்தும் என்பது என் கருத்து. ஆசிரியர் இருந்திருந்தால் இதைப்பற்றி அவரோடு வாதிட்டிருப்பேன்.

விக்டோரியா மாநிலம் 2021இல் பிளாட்டிபஸை அழிவாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிட்டது. வறட்சி, கரை அரிப்பு, நீரைத் திசைதிருப்புதல் ஆகியவற்றோடு, யாபி என்னும் நன்னீர் இறாலைப் பிடிக்க இடப்படும் மூடிய கூட்டு வலைகளும் அதற்குக் கேடாயின. நீருக்குள் மூச்சுவிட இயலாத விலங்காதலால், உள்ளே நுழைந்தது வெளியேற வழியின்றி மூழ்கி இறக்கும். 2019 முதல் அவ்வலைகள் இம்மாநிலத்தில் முற்றாகத் தடைசெய்யப்பட்டுள்ளன. ஆற்றில் சேரும் இறப்பர் வளையங்களும் கூந்தல் பட்டிகளும் அதன் கழுத்தில் மாட்டித் தசையை அறுக்கின்றன. எங்கள் வீட்டில் அத்தகைய வளையம் எதையும் கத்தரிக்கோலால் வெட்டாமல் குப்பையில் இடுவதில்லை. இங்குள்ள பழைய மாணவர் குடும்பங்களிடமும் அதையே கேட்டுக்கொள்கிறேன்.