அக்காவோட மஸ்கட்

13 நவம்பர் 2024, புதன்

விசா வந்துட்டு. துபாய்ல இருந்து மஸ்கட்டுக்கு பஸ் டிக்கெட்டும் போட்டாச்சு. அங்க நர்சா இருக்குற அக்காட்ட சொன்னா, "எதுக்குலே இப்ப காச கரியாக்குற, மாசக் கடைசில நான் ஊருக்குப் போறேன்ல, அங்க வந்து பாரு"ங்கா. அவ ஒரேயடியாப் போறதுனாலதான் இப்ப வர்றேன்னு சொல்ல வாய் வரல.

14 நவம்பர், வியாழன் ராத்திரி

பஸ்ல இருந்து எழுதுறேன். ஒமானுக்குள்ள போற ஹத்தா பார்டர்ல எல்லாரையும் எறக்கி, பையெல்லாம் ஸ்கேன் பண்ணி, திரும்ப ஏத்தி, ஒன்றர மணி நேரம் அங்கயே போச்சு. எனக்கு இருக்குறதே ரெண்டு நாள். அதுலயும் நாளைக்கு ராத்திரி அவளுக்கு நைட் டூட்டி. கூட்டிக் கழிச்சுப் பாத்தா அவ கூட இருக்கப் போறது இருபது மணி நேரம் தேறுமான்னு தெரியல.

லிஸ்ட் போட்டு வச்சிருக்கேன். சுல்தான் காபூஸ் பெரிய மசூதிக்கு நம்மள மாதிரி முஸ்லிம் இல்லாத ஆளுங்கள வெள்ளிக்கிழம விட மாட்டாங்க, மத்த நாள்ல காலைல 8ல இருந்து 11 வரைக்குந்தான், அதனால அது சனிக்கிழம. மத்ரா சூக், அதான் பழைய கடத்தெரு, வெள்ளி சாயங்காலம். பழைய மஸ்கட் நேரம் கெடச்சா.

9 வருசமா அந்த ஊர்ல இருக்கா, மசூதிக்குள்ள ஒரு தடவ கூட போனதில்லயாம். நேத்து போன்ல கேட்டப்பதான் தெரிஞ்சுது. வார்டு, ஹாஸ்டல், ரூவி சர்ச், எக்ஸ்சேஞ்ச், அவ்வளவுதான் அவ மஸ்கட். எக்ஸ்சேஞ்ச்னா எங்களுக்கு காசு அனுப்புற கவுண்டர். அது மட்டும் ஒரு மாசமும் தப்பல. நான் மெக்கானிக்கல் படிச்சது அந்தக் காசு, மாடி எழும்புனது அந்தக் காசு, அப்பாவுக்கு ஸ்டென்ட் வச்சது அந்தக் காசு, நான் துபாய்க்கு வந்து ரெண்டு வருசம் ஆகுது, இந்தா இருக்குற மஸ்கட்டுக்கு ஒரு தடவ வந்து பாக்கணும்னு எனக்கு ஏன் தோணல, அவ எடத்துக்கு ஒமானி ஆள எடுத்தாச்சுன்னு அந்தப் பேப்பர் வந்தப்புறந்தான் தோணணுமா. தூக்கம் வரல. சோஹார் தாண்டியாச்சு.

15 நவம்பர், வெள்ளி

ஊர்க்கார அண்ணன் ரூம்லதான் தங்கல், ரூவில. விடியக்காலையே மத்ரா மீன் மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு. சாளை கெடந்துச்சு பாருங்க, வயிறு மினுமினுன்னு, குளச்சல்ல கூட இப்படிக் கொழுத்தது பாத்து நாளாச்சு. ஒரு கிலோ வாங்கிட்டோம்.

பூச முடிச்சிட்டு அக்கா நேரா அந்த ரூமுக்கு வந்தா. இங்க லீவு வெள்ளிக்கிழமைங்கறதால ஞாயித்துக்கெழம கூட்டம் பூரா இன்னைக்கேதான் சர்ச்சுக்கு. வந்ததும் வராததுமா சேலைய இழுத்துச் சொருகிட்டு புளிமுளம் வச்சா, எங்க ஊரு மீன் கொழம்பு. மீனக் கழுவும்போதுதான் கையப் பாத்தேன். கிளவுசும் சானிடைசருமா போட்டுப் போட்டு விரல் நுனியெல்லாம் தோல் உரிஞ்சு, வெங்காயத் தோலு மாதிரி. உப்பு பட்டா எரியாதாக்கான்னு கேட்டேன். "அது எப்பவும் உள்ளதுதான், நீ சாப்புடு."

நாலரைக்கு சூக். கடக்காரர் கரித்துண்டு மேல ஒரு சாம்பிராணிக் கட்டிய வச்சதும் சந்து முழுக்க எங்க கோயில் வாசன. சலாலா பக்கத்துல மரத்தக் கீறி விட்டா வடியுற பால்தான் எறுகி இப்படி ஆகுதாம். லேசா பச்ச ஓடுன வெள்ளக் கட்டி உசத்தி, ஹோஜரிங்காங்க. அம்மா கிறிஸ்மஸ் குடிலுக்கு அரக் கிலோ கேட்டிருந்தா. "கால் கிலோ போதும். ஃபிளைட்ல 30 கிலோதான் விடுவான்."

ஆறரைக்கு டூட்டி பஸ் ஏறிட்டா.

16 நவம்பர், சனி

ஏழு மணிக்கு முடிய வேண்டிய டூட்டி, வார்ட ஒப்படச்சிட்டு வர எட்டு ஆயிட்டு. கண்ணு செவந்து கெடக்கு. தூங்குக்கா, பரவால்லன்னு சொன்னேன், கேக்கல. தலைல கருப்பு ஷால், கை மறைய சட்ட. ஒம்பதுக்கு உள்ள போயாச்சு.

தொழுற கூடத்துல ஒரே கம்பளம். 70 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம், 21 டன். ஈரான்ல 600 பொம்பளைங்க நாலு வருசம் உக்காந்து நெய்ஞ்சது, 170 கோடி முடிச்சு. நம்மள அது மேல மிதிக்க விடல, ஓரமா விரிச்ச நீல விரிப்பு மேலதான் நடக்கணும். நான் போன்ல பாத்து ஒவ்வொண்ணா சொல்லிட்டே வந்தேன். அக்கா அப்படியே நின்னா. "இத முடிச்சப்புறம் அந்தப் பொம்பளைங்க இங்க வந்து பாத்திருப்பாளுவளாலே?"

எனக்குப் பதில் தெரியல.

வெளிய வளைவு வளைவா இருக்குற நடைல நிக்க வச்சு போட்டோ எடுத்தேன். மஸ்கட்ல யூனிபார்ம் இல்லாம அவளுக்கு இருக்குற போட்டோ விரல் விட்டு எண்ணிரலாம்.

டாக்சில சொன்னா. அவ எடத்துக்கு வர்ற ஒமானிப் பிள்ளைக்கு ஊசி போட வெயின் பாக்கச் சொல்லிக் குடுத்ததே அவதானாம். ஒனக்குக் கோவம் வரலியான்னு கேட்டேன். "எதுக்கு? அது ஊருலே இது. நம்ம பிள்ளைங்க படிச்சிட்டு நின்னா நம்ம ஊரு ஆஸ்பத்திரில எடம் வேணும்னு கேக்க மாட்டமா?" அந்தப் பிள்ளையோட அம்மா ஒரு டப்பா ஹல்வா குடுத்து விட்டிருக்காங்க. நெய்யும் ஏலக்காயும் குங்குமப்பூவும், தொட்டாலே ஒட்டுது. ஒரு கிலோ இருக்கும்னா. திரும்ப அந்த 30 கிலோ. லோன் இன்னும் எவ்வளவு இருக்குன்னு ரெண்டு தடவ கேட்டேன், ரெண்டு தடவயும் மீனப் பத்திப் பேசுனா.

தூங்கி எழுந்து சாயங்காலம் பழைய மஸ்கட். திங்கக்கிழம 54வது தேசிய தினம், ரோடு பூரா செவப்பு வெள்ள பச்ச லைட்டு. அரண்மனைக்கு ரெண்டு பக்கமும் பாற மேல ஜலாலி, மிரானி கோட்டைங்க, 1580கள்ல போர்ச்சுகீசியங்க கட்டுனது. சவேரியாரையும் நம்ம கடக்கரைக்கு அனுப்புனது போர்ச்சுகல் ராசாதானக்கான்னேன். அவளுக்கு வேற ஞாபகம். "டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாலே. 9 வருசம் கழிச்சு இந்தத் தடவ தேரு பாப்பேன்."

அதுக்கப்புறம் கடலப் பாத்துட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தோம்.

17 நவம்பர், ஞாயிறு

காலைல ஆறு மணி பஸ். வழி அனுப்ப வந்தவ அவ குக்கர துணில சுத்தி மடில வச்சிட்டா. "ரெண்டரக் கிலோ கொறையும். நீ ரூம்ல வச்சுக்க, கடச் சோறு திங்காத." பார்டர்ல அதத் தொறந்து காட்டச் சொன்னாங்க. உள்ள கால் கிலோ சாம்பிராணி.

18 நவம்பர்

போன் எடுக்கல. டூட்டியா இருக்கும்.

20 நவம்பர், புதன்

பெட்டிய எட போட்டாளாம். 32 கிலோ. எத எடுக்கலாம்னு போட்டோ அனுப்பியிருக்கா. அடில வெள்ள யூனிபார்ம் ரெண்டு செட்டு, இஸ்திரி போட்டு மடிச்சிருக்கு. அத எடுத்திருன்னு டைப் பண்ணி அழிச்சேன். ஹல்வாவ அங்கயே எல்லாருக்கும் குடுத்திருன்னு அனுப்புனேன். இன்னும் ப்ளூ டிக் வரல.