வராத செய்திக்கு ஆதாரம்

ஆவணப்படத்தில் தகவல் சரிபார்ப்பவரின் பெயர், கடைசியில் எழுத்துகள் வேகமாக ஓடும் இடத்தில் வரும். அதில் எனக்குக் குறையில்லை. எங்கள் வேலையைச் சரியாகச் செய்தால் படம் கொஞ்சம் மந்தமாகிவிடுகிறது என்பதுதான் குறை. அமெரிக்காவில் ஊடகங்கள் சில கைகளில் குவிந்த கதையைச் சொல்லும் படம் ஒன்றில் வேலை செய்தபோது இதை வரிக்கு வரி அனுபவித்தேன்.

பின்னணிக் குரல் பேசும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே, அது எங்கிருந்து வந்தது என்று எழுதி வைக்க வேண்டும்: தீர்ப்பா, நாடாளுமன்றப் பதிவா, ஆய்வுக் கட்டுரையா, யாரோ நேர்காணலில் சொன்னதா. வழக்கு வந்தால் ஈடுகட்டும் காப்பீடு இல்லாத படத்தைத் தொலைக்காட்சிகள் லேசில் வாங்குவதில்லை. காப்பீட்டுத் தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்பதும் இந்தத் தாள்களைத்தான். படத்தில் குற்றம் சாட்டப்படுபவர்கள் வழக்கறிஞர் படையே வைத்திருப்பவர்கள் என்றால் கேட்கவே வேண்டாம்.

முதல் பலி ஒரு வரைபடம். ‘ஆறு நிறுவனங்கள், 90 சதவீத ஊடகம்’ என்று பல ஆண்டுகளாகச் சுற்றிவருவது. எதில் 90 சதவீதம், எந்த ஆண்டுக் கணக்கு என்று தேடிப் போனால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுகிறார். எடுக்கச் சொன்னேன். அதற்குப் பதிலாகப் பத்திரிகையாளர் பென் பாக்டிகியனின் கணக்கு வந்தது: 1983இல் 50 நிறுவனங்கள், 2004இல் ஐந்து. அவர் எதை எண்ணினார், எப்படி எண்ணினார் என்று திறந்து பார்க்க முடிந்தது. வானொலிக் கதை இன்னும் எளிது. 1996இல் பில் கிளின்டன் கையெழுத்திட்ட தொலைத்தொடர்புச் சட்டம் வரும்வரை, நாடு முழுவதும் ஒரு நிறுவனம் 40 நிலையங்களுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. சட்டம் அந்த உச்சவரம்பை நீக்கியது. சில ஆண்டுகளில் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்திடம் ஏறத்தாழ 1,200 நிலையங்கள்.

பெரிய சண்டை மைனாட் நகரத்தை வைத்து நடந்தது.

2002 ஜனவரி 18, பின்னிரவு. வடக்கு டகோட்டா மாநிலத்தில் அந்த ஊரை ஒட்டிச் சரக்கு ரயில் ஒன்று தடம் புரண்டது. டாங்கர்கள் பிளந்து அம்மோனியா மேகம் குடியிருப்புகள் மீது பரவியது. ஒருவர் இறந்தார், 300க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். நகரின் ஆறு வணிக வானொலி நிலையங்களும் கிளியர் சேனலுடையவை. எச்சரிக்கை ஒலிபரப்பச் சொல்லக் காவல்துறையினர் வானொலி நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்தார்கள். யாரும் எடுக்கவில்லை.

முதல் பிரதியில் பின்னணிக் குரல் இப்படி முடிந்தது: ‘நிலையத்தில் ஒரு மனிதர்கூட இல்லை; கணினி பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தது.’ கேட்டால் முதுகுத்தண்டு சிலிர்க்கும். ஆனால் நிறுவனத்தின் பதில் பதிவில் இருக்கிறது: ஊழியர் ஒருவர் இருந்தார், பதறிய மக்களின் அழைப்புகளால் தொலைபேசி இணைப்புகள் திணறின, நிலையத்தில் யாரும் இல்லாமலேயே ஒலிபரப்பில் குறுக்கிட உதவும் அவசர எச்சரிக்கைக் கருவியைக் காவல்துறை சரியாக இயக்கவில்லை. “அவர்கள் வேறு என்ன சொல்வார்கள்?” என்றார் இயக்குநர். நியாயமான கேள்விதான். அதற்காக அந்தப் பதிலை இல்லாதது போல் விட்டுவிட முடியாதே.

நான் சொன்னது இது: நிறுவனம் சொல்வது முழுக்க உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் என்ன மிஞ்சுகிறது? ஓர் இடத்தில் இணைப்பு திணறியதும் ஆறு நிலையங்கள் பேச்சற்றுப் போயின. ஆறு உரிமையாளர்கள் இருந்திருந்தால், காவல்துறை அடுத்த எண்ணை அழைத்துப் பார்த்திருக்கலாம். வில்லன் தேவையில்லை, நிறுவனத்தின் வாதமே குற்றச்சாட்டைத் தாங்குகிறது. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாத இயக்குநர், பிறகு அந்தப் பகுதியை மாற்றி எழுதினார். சிலிர்ப்பு போய்விட்டது, ஒப்புக்கொள்கிறேன். வாதம் இறுகியது.

படத்தொகுப்பாளருக்குப் பிடித்தமான காட்சி சின்கிளேர். 2018இல் அந்த நிறுவனம் தன் தொலைக்காட்சி நிலையங்களுக்கு ஒரே உரையை அனுப்பி வாசிக்க வைத்தது. பொய்ச் செய்திகள் பற்றிய எச்சரிக்கை! வெவ்வேறு ஊர்களின் செய்தி வாசிப்பாளர்கள் ஒரே குரலில் ‘இது நம் ஜனநாயகத்துக்கு மிக ஆபத்தானது’ என்கிறார்கள். அடுக்கி வைத்தால் அரங்கம் சிரிக்கும். எனக்கு அந்தச் சிரிப்பின் மீது நம்பிக்கை இல்லை. பார்ப்பவர் தான் ஏமாறவில்லை என்ற திருப்தியோடு எழுந்து போய்விடுவார். 2017இல் சின்கிளேர் வாங்கிய நிலையங்களை இரண்டு அரசியல் அறிவியலாளர்கள் ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். கைமாறிய பின் தேசிய அரசியல் கூடியது, உள்ளூர்ச் செய்தி குறைந்தது, சாய்வு வலதுபக்கம் நகர்ந்தது. பார்வையாளர் கேட்டு வந்த மாற்றமும் அல்ல. பார்ப்போர் எண்ணிக்கை சற்றுக் குறையவே செய்தது. இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது உள்ளூர்ச் செய்தி குறைந்தது என்ற வரி. நகரசபைக் கூட்டத்துக்கு அனுப்பப்படாத கேமராவை எந்தக் கேமராவால் படம்பிடிப்பது?

இந்தக் கேள்விக்கு ஒரே ஒருமுறை விடை கிடைத்தது. 2003 ஜூன் 2 அன்று, ஊடக உரிமை விதிகளை வகுக்கும் அமெரிக்காவின் மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம் 3க்கு 2 என்ற வாக்கில் உரிமை விதிகளைத் தளர்த்தியது. ஒரு நிறுவனத்தின் தொலைக்காட்சி நிலையங்கள் நாட்டின் 35 சதவீத வீடுகளைச் சென்றடையலாம் என்ற வரம்பு 45 ஆனது. துப்பாக்கி உரிமைச் சங்கமும் பெண்ணுரிமை அமைப்பும் ஒரே பக்கம் நின்று எதிர்த்த அபூர்வ விவகாரம் அது. அப்படியிருந்தும் வாக்கெடுப்புக்கு முந்தைய மாதங்களில் பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் இதைப் பற்றி ஏறக்குறைய வாயே திறக்கவில்லை. ‘வாயே திறக்கவில்லை’ என்பதற்கு என்ன ஆதாரம் வைப்பது? செய்தி எழுத்துப்படிகளின் தொகுப்பில் மாதம் மாதமாகத் தேடி, பெரும்பாலும் வெறுமையாக வந்த முடிவுப் பக்கங்களை அச்செடுத்துக் கோப்பில் சேர்த்தேன். வழக்கறிஞர் வெற்றுப் பக்கங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, கேள்வி கேட்காமல் கையெழுத்திட்டார்.

எதிர்ப்பு வீண்போகவில்லை. 2004இல் நாடாளுமன்றம் வரம்பை 39 சதவீதமாக இறக்கியது. இயக்குநர் அதை மக்கள் வெற்றியாகக் காட்டிப் படத்தை முடிக்க விரும்பினார். 39 என்ற எண் எப்படி வந்தது என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். வயாகாம், நியூஸ் கார்ப்பரேஷன் ஆகிய பெரிய ஊடக நிறுவனங்கள் இரண்டும் அப்போதே 35ஐத் தாண்டியிருந்தன. 39இல் கோடு போட்டால் இரண்டும் ஒரு நிலையத்தைக்கூட விற்க வேண்டியதில்லை. வெற்றி இசை அந்த வரிக்கு ஒத்துவரவில்லை. இசையை எடுத்துவிட்டு வரியை வைத்துக்கொண்டார்.