கிழித்தது டேப்புக்காகவா, வாசகத்துக்காகவா?

பொங்கல் விழாவுக்கு 40 போஸ்டர் அடித்து, ராத்திரியோடு ராத்திரியாக வளாகம் முழுக்க ஒட்டிவிட்டுப் படுத்தால், விடிந்ததும் ஒன்றுகூட மிஞ்சாமல் போகலாம். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவர் சங்கப் பொறுப்பைப் புதிதாக ஏற்பவர்களுக்கு இது நேரக்கூடியதுதான். பேச்சுரிமை என்று மார்தட்டும் நாட்டில் இப்படியா என்று கோபம் வரும். கிழித்தவரோ அநேகமாகக் கட்டடத்தைப் பெருக்க வந்தவர். போஸ்டரில் என்ன எழுதியிருந்தது என்று அவர் பார்த்திருக்கவே மாட்டார். கதவுக் கண்ணாடியில் செல்லோடேப் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஆகவே எந்த வளாக விதியைப் படித்தாலும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது: இது டேப்பைப் பற்றிய விதியா, வாசகத்தைப் பற்றிய விதியா? முதல் ரகம் என்றால் வாதாடாமல் பணிந்துபோங்கள், நேரம் மிச்சம். இரண்டாவது ரகம் என்றால், அரசுப் பல்கலைக்கழகத்தில் சட்டம் பெரும்பாலும் உங்கள் பக்கம்.

"அரசு" என்ற சொல்லைக் கவனியுங்கள். பேச்சுரிமை தரும் முதல் சட்டத்திருத்தம், 1791-இல் அமெரிக்க அரசியலமைப்பில் சேர்ந்தது, அரசின் கையைத்தான் கட்டுகிறது. மிச்சிகன், பெர்க்லி, ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் எல்லாம் அரசின் அங்கங்கள், அதனால் அங்கே அது செல்லும். ஹார்வர்டு, டியூக் போன்ற தனியார் நிறுவனங்களை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது. அங்கே உங்களுக்கு ஆதாரம் மாணவர் கையேட்டில் அவர்களே எழுதிக்கொடுத்த வாக்குறுதிதான். கலிஃபோர்னியா முக்கியமான விதிவிலக்கு. அங்கே 1992-இல் வந்த லெனார்டு சட்டம், மதச் சார்புள்ளவை தவிர்த்த தனியார் கல்லூரிகளும் அரசுக்குரிய அளவுகோலையே மாணவர்களுக்குப் பயன்படுத்த வேண்டும் என்கிறது. ஸ்டான்ஃபோர்டின் பேச்சு விதி 1995-இல் நீதிமன்றத்தில் விழுந்தது இந்தச் சட்டத்தால்தான். தனியார் வளாகத்தில் படிப்பவர்கள் கையேட்டின் பிடிஎஃப்பைத் தேதியோடு சேமித்துவைத்துக்கொள்வது நல்லது. இணையத்தில் இருக்கும் பக்கம் நடுவில் மாறிவிட்டால், பழைய வாசகம் என்னவாக இருந்தது என்று நிரூபிப்பது கடினம்.

டேப், வாசகம் என்ற இந்தப் பிரிவினை வளாகங்களில் பேர்பெற்றது ஒரு மேசைத் தகராறால். பெர்க்லியில் பேன்கிராஃப்ட் சாலையும் டெலகிராஃப் சாலையும் சந்திக்கும் இடத்தில் 26 அடி அகல நடைபாதைத் துண்டு ஒன்று இருந்தது. நகராட்சி இடம் என்ற நினைப்பில் மாணவர்கள் அங்கே மேசை போட்டு, துண்டறிக்கை கொடுத்து, உண்டியல் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். 1964 செப்டம்பரில் நிர்வாகம் அது பல்கலைக்கழக நிலம் என்று சொல்லித் தடை போட்டது. அக்டோபர் 1 அன்று மேசையில் இருந்த ஒருவரைப் போலீஸ் காரில் ஏற்ற, கூட்டம் அந்தக் காரைச் சூழ்ந்து உட்கார்ந்து 32 மணி நேரம் நகரவிடவில்லை. டிசம்பர் 8 அன்று ஆசிரியர் பேரவை 824-க்கு 115 என்ற வாக்கில் ஒரு தீர்மானம் போட்டது: பேச்சின் நேரம், இடம், விதம் ஆகியவற்றை நியாயமான அளவில் ஒழுங்குபடுத்தலாம், உள்ளடக்கத்தைப் பல்கலைக்கழகம் கட்டுப்படுத்தக் கூடாது. இன்று எந்த வளாகத்தின் விதிப்புத்தகத்தைத் திறந்தாலும் "நேரம், இடம், விதம்" என்ற மூன்று சொற்கள் எங்காவது இருக்கும். உச்ச நீதிமன்றம் 1989-இல் தெளிவுபடுத்திய அளவுகோலும் அதுவே. விதி உள்ளடக்கம் பார்க்கக் கூடாது, முக்கியமான ஒரு தேவைக்காக இருக்க வேண்டும், தேவைக்கு மீறி அகலக் கூடாது, சொல்ல வந்ததைச் சொல்ல வேறு வழிகள் திறந்திருக்க வேண்டும்.

இனி போஸ்டர். வளாகத்துக்கு வளாகம் எண்கள் மாறும், ஆனால் எலும்புக்கூடு ஒன்றுதான். மாணவர் யூனியன் கட்டடத்திலோ மாணவர் நல அலுவலகத்திலோ முத்திரை வாங்க வேண்டும், முத்திரையில் கழற்ற வேண்டிய தேதி இருக்கும். இரண்டு வாரம் என்பது பரவலான கெடு. பலகைக்கு ஒரு போஸ்டர். பிறர் போஸ்டரின் மேல் ஒட்டக் கூடாது. விழா முடிந்து 24 அல்லது 48 மணி நேரத்தில் நீங்களே கழற்ற வேண்டும். அளவு பெரும்பாலும் 11×17 அங்குலத்துக்குள்.

இந்த அளவில்தான் நம்மவர்கள் இடறுவது. ஊர்ப் பழக்கத்தில் ஏ3 அளவில் வடிவமைப்பார்கள். ஏ3 தாள் 11.7 அங்குல அகலம், 16.5 அங்குல உயரம். உயரத்தில் தப்பும், அகலத்தில் வரம்பை மீறும். அப்படியே 11×17 தாளில் அச்சிட்டால் இரண்டு ஓரமும் வெட்டுப்பட்டு, ஓரத்தில் போட்ட தேதியோ அரங்கின் பெயரோ காணாமல் போகும். தொடக்கத்திலேயே 11×17 என்று வைத்து, சுற்றிலும் அரை அங்குலம் விட்டு வடிவமையுங்கள். முத்திரை விழ ஒரு மூலையில் இரண்டு அங்குலம் வெள்ளையாக விடுங்கள், கறுப்புப் பின்னணியில் குத்திய முத்திரை யாருக்கும் தெரியாது. தமிழ் எழுத்துருவைப் பிடிஎஃப்பிலேயே பதித்து அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் வளாக நகலகத்தின் கணினியில் கொம்பு தனியே, எழுத்து தனியே நிற்கும், அல்லது வெறும் கட்டங்களாக வரும். பிற மொழிப் போஸ்டரில் ஆங்கில மொழிபெயர்ப்பும் இருக்க வேண்டும் என்று கேட்கும் வளாகங்கள் உண்டு. சட்டப்படி அது எவ்வளவு நிற்கும் என்பது வேறு பேச்சு. என்ன, எப்போது, எங்கே என்று ஆங்கிலத்தில் ஒரு வரி போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

எதில் ஒட்டுவது? கார்க் பலகை என்றால் குண்டூசி. சாயம் பூசிய சுவரில் ஒட்ட அனுமதி இருந்தால், பெயிண்டர்கள் பயன்படுத்தும் நீல நிற டேப். அதன் பசை வலுக்குறைந்தது, உரித்தால் சாயம் வராது. பார்சல் டேப் சாயத்தையும் சேர்த்து உரிக்கும், டக்ட் டேப் கண்ணாடியில் பிசுக்கு விடும். அதைச் சுரண்டும் கூலி உங்கள் சங்கத்தின் கணக்கில் பற்று எழுதப்படும். நீல டேப் வெளிப்புறச் செங்கல்லில் நிற்காது என்பதையும் சொல்ல வேண்டும். காற்றில் விழுந்து குப்பையாகி, "சங்கத்தார் குப்பை போடுகிறார்கள்" என்ற புகாராகத் திரும்பி வரும். கண்ணாடிக் கதவு, தீவிபத்து வெளிவாசல், மரம், விளக்குக் கம்பம், கார் கண்ணாடி, இவை எங்குமே கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பங்களில் ஒட்டுவதை எல்லோருக்கும் ஒரேயடியாகத் தடுத்த லாஸ் ஏஞ்சல்ஸ் நகர விதியை உச்ச நீதிமன்றம் 1984-இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது, அங்கே வாதாட இடமில்லை.

பலகைகளிலும் சாதி உண்டு. துறைக்குச் சொந்தமான பலகையில் துறை விரும்பியதைத்தான் ஒட்டுவார்கள், கேட்கக் கூடாது. விடுதிப் பலகைக்கு விடுதி அலுவலகத்திடம் பிரதிகளைக் கொடுத்தால் அவர்களே ஒட்டுவார்கள், எத்தனை பிரதி என்று கேட்டுக்கொண்டு போங்கள். எல்லோருக்கும் திறந்த பலகை என்று அறிவித்துவிட்ட இடத்தில்தான் உரிமைப் பேச்சு தொடங்குகிறது. அங்கே ஒரு சங்கத்துக்கு இடம் கொடுத்து இன்னொன்றுக்குக் கருத்து பிடிக்காமல் மறுக்க முடியாது.

முத்திரை போடுபவரின் வேலை என்ன என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அளவு சரியா, நடத்துபவர் பெயர் உண்டா, தேதி உண்டா, இவ்வளவுதான் அவர் பார்க்கலாம். "தலைப்பு கொஞ்சம் காரமாக இருக்கிறது, மாற்றிக்கொண்டு வா" என்றால் அவர் எல்லை தாண்டிவிட்டார். மிசௌரி பல்கலைக்கழக மாணவி ஒருவரை ஆபாசச் சொல் அச்சிட்ட பத்திரிகையை விநியோகித்ததற்காக நீக்கியபோது, நாகரிகக் குறைவு என்பதே தண்டிக்கக் காரணமாகாது என்று 1973-இல் தீர்ப்பானது. பெயர் போடும் கட்டாயத்துக்கும் எல்லை உண்டு. துண்டறிக்கை ஒவ்வொன்றிலும் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய ஒருவரின் அல்லது அமைப்பின் பெயர் இருக்க வேண்டும் என்ற ஆஸ்டின் வளாக விதியை 2005-இல் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அடித்துவிட்டது.

ஒரே அளவுகோல் எல்லோருக்கும் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. விதியைப் பயன்படுத்தப் போஸ்டரைப் படித்தே ஆக வேண்டுமா? அரிசோனாவில் கில்பர்ட் என்ற ஊரில், கருத்துப் பலகை 20 சதுர அடி வரை இருக்கலாம், தேவாலயக் கூட்டத்துக்கு வழிகாட்டும் பலகை 6 சதுர அடிதான், அதுவும் 12 மணி நேரத்துக்கு முன்தான் வைக்கலாம் என்று விதி இருந்தது. எந்த அளவு என்று தெரிய வாசகத்தைப் படிக்க வேண்டும் அல்லவா? 2015-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏகமனதாக நீக்கியது. உங்கள் வளாகத்தில் அரசியல் போஸ்டருக்கு ஓர் அளவும் கலைவிழாவுக்கு ஓர் அளவும் இருந்தால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுண்ணக்கட்டிக்கு வருவோம். கோலம் போட ஆசைப்படும் சங்கங்களுக்கு இது முக்கியம். நீரில் கரையும் குச்சிச் சுண்ணம் மட்டும், மழை நேராகப் படும் கான்கிரீட் தரையில் மட்டும் என்பது வழக்கமான விதி. கூரைநிழலில் மழை படாது, வாரக்கணக்கில் அழியாது. செங்கல்லும் கல்லும் துளையுள்ளவை, சுண்ணத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஸ்ப்ரே சுண்ணம் கட்டியைவிட இறுகப் பிடிப்பதால் பல இடங்களில் தடை. கோலமாவு சுண்ணக்கட்டி விதிக்குள் வருமா என்பதை முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள். அரிசிமாவு என்றால் எறும்பு வரும் என்ற ஆட்சேபம் வர வாய்ப்பிருக்கிறது, அது வாசகம் சார்ந்த ஆட்சேபம் அல்ல, கோபப்படாதீர்கள்.

புல்வெளியில் 18×24 அங்குலப் பலகை நடக் கம்பி குத்தக் கூடாது என்பார்கள். காரணம், புல்லுக்கடியில் நீர்த்தெளிப்புக் குழாயும் மின்கம்பியும் ஓடுகின்றன. ஏ வடிவத்தில் நிற்கும் மடக்குப் பலகையை வைத்து, காலில் மணல்மூட்டை கட்டினால் பிரச்சினை தீரும்.

பேசுவதற்கும் துண்டறிக்கை கொடுப்பதற்கும் முன்பதிவு வேண்டுமா? ஒலிபெருக்கி, மேடை, மேசை என்றால் கேட்பது நியாயம். பெர்க்லியின் ஸ்ப்ரௌல் திடலில் ஒலிபெருக்கிக்கு மதியம் 12 முதல் 1 வரை என்பது பழைய வழக்கம், வகுப்பு கெடாமல் இருக்கத்தான். கையில் காகிதத்தோடு தனியாக நிற்பவரிடம் அனுமதிச் சீட்டு கேட்பதுதான் நீதிமன்றங்களில் தடுமாறுகிறது. 2013 செப்டம்பர் 17, அரசியலமைப்பு தினம். கலிஃபோர்னியாவின் மொடெஸ்டோ கல்லூரியில் ஒரு மாணவர் அரசியலமைப்புப் புத்தகத்தை இலவசமாகக் கொடுக்க, காவலாளி தடுத்து நிறுத்தினார். அடுத்த ஆண்டு கல்லூரி 50,000 டாலர் கொடுத்துச் சமரசமானது. ஜார்ஜியாவின் க்வினெட் கல்லூரியில் பேச்சுக்கென்று ஒதுக்கிய இரண்டு இடங்கள் வளாகப் பரப்பில் 0.0015 சதவீதம். அங்கேயே முன்பதிவு செய்து பேசிய மாணவரையும் யாரோ புகார் செய்தார்கள் என்று நிறுத்தினார்கள். கல்லூரி பிறகு விதியை மாற்றிக்கொண்டாலும் பெயரளவு நஷ்டஈட்டுக்காக வழக்கு தொடரலாம் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்று சொன்னது.

பாதுகாப்புக் கட்டணமும் இதே கதைதான். அரங்கின் அளவு, டிக்கெட் விற்பனை, வருவோர் எண்ணிக்கை பார்த்துக் கட்டணம் போடலாம். எதிர்ப்பாளர்கள் எவ்வளவு கொதிப்பார்கள் என்று கணித்துப் போடக் கூடாது, இது 1992-இலேயே முடிந்த விஷயம்.

கூடாரம் அடிப்பது பேச்சு அல்ல என்று சொல்ல முடியாது. ஆனால் பூங்காவில் தூங்கக் கூடாது என்ற பொதுத் தடை செல்லும் என்று 1984-இலேயே தீர்ப்பு இருக்கிறது. 2024-இல் காசா போரை எதிர்த்து வளாகங்களில் நடந்த போராட்டங்களுக்குப் பிறகு கலிஃபோர்னியப் பல்கலைக்கழக வளாகங்கள் பத்துக்கும் கூடாரத் தடையும், அடையாளம் மறைக்கும் முகமூடிக்குத் தடையும் ஒரே மாதிரி வந்தன. டெக்சஸ் இன்னும் மேலே போய், இரவு 10 முதல் காலை 8 வரை வளாகத்தில் கருத்து வெளிப்பாட்டையே தடுத்து 2025-இல் சட்டம் போட்டது. அதன் பகுதிகளை அக்டோபரில் கூட்டாட்சி நீதிபதி நிறுத்திவைத்தார்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு ஒன்றைப் பூசி மெழுகாமல் சொல்ல வேண்டும். பேச்சுரிமை குடிமக்களுக்கு மட்டுமல்ல, அமெரிக்காவில் வசிக்கும் வெளிநாட்டவருக்கும் உண்டு என்பது 1945 முதல் இருக்கும் நிலை. 2025 செப்டம்பரில் பாஸ்டன் கூட்டாட்சி நீதிபதி ஒருவரும் அதையே திருப்பிச் சொன்னார். ஆனால் அதே ஆண்டு வசந்தத்தில் ஆயிரக்கணக்கான மாணவர்களின் செவிஸ் பதிவுகள் (வெளிநாட்டு மாணவர்களை அரசு கண்காணிக்கும் தரவுத்தளத்தில் உள்ளவை) திடீரென்று நீக்கப்பட்டன. பலருக்குக் காரணம் போலீஸ் பதிவேட்டில் பெயர் இருந்ததுதான், தள்ளுபடியான வழக்குகள் உட்பட. ஏப்ரல் இறுதியில் அவை திரும்பக் கொடுக்கப்பட்டாலும் இடையில் பட்டது பட்டதுதான். கலைந்துபோகச் சொல்லிப் போலீஸ் எச்சரித்தபின் அங்கே நிற்பதும் நிற்காததும் உங்கள் முடிவு. குடிமகனான நண்பருக்கு அது ஒரு நாள் தொந்தரவு, உங்களுக்கு அப்படியல்ல.

போஸ்டர் கிழிக்கப்பட்டால் என்ன செய்வது? ஒட்டியதும் ஒவ்வொரு பலகையையும் முழுசாகப் படம் எடுத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. கெடு தாண்டிய பிறரின் போஸ்டர்கள் அதே பலகையில் தொங்கிக்கொண்டிருந்தால் அதையும் எடுங்கள். உங்களுடையதை மட்டும் கழற்றியதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பிறகு மாணவர் நல அலுவலகத்துக்கு மின்னஞ்சல், தொலைபேசி வேண்டாம். "எந்த விதியின் எந்தப் பிரிவின்படி எடுக்கப்பட்டது?" என்ற ஒரே கேள்வி போதும். "டேப்" என்று பதில் வந்தால் நீல டேப் வாங்குங்கள். "சிலருக்கு மனவருத்தம்" என்று வந்தால் அந்த மின்னஞ்சலைப் பத்திரப்படுத்தி டீனுக்கு மேல்முறையீடு செய்யுங்கள். அங்கும் நகராவிட்டால் பேச்சுரிமைக்காக வாதாடும் ஃபயர் அமைப்புக்கோ, குடியுரிமைகளுக்காக வாதாடும் ஏசிஎல்யு-வின் மாநிலக் கிளைக்கோ எழுதுங்கள். இவர்கள் கட்டணம் வாங்குவதில்லை. கிழித்தது சக மாணவர் என்றால் அவர்மேல் நடவடிக்கை கேட்கலாம், பிறர் போஸ்டரைக் கிழிப்பதைப் பேச்சுரிமையாக எந்த நிர்வாகமும் ஏற்காது. பதிலுக்கு அவர் போஸ்டரை நீங்கள் கிழித்துவிட்டால் மட்டும் கதை கெட்டது, விசாரணை இரண்டு பேருக்கும் நடக்கும்.