ரேங்ளராகப் பிறந்த டிரக்கை வாங்கிய கதை

புரூட் டபுள் கேப் என்ற வண்டியைச் சாலையில் பார்த்தவர்கள் குறைவுதான். ஏ.இ.வி. எனப்படும் அமெரிக்கன் எக்ஸ்பெடிஷன் வெஹிக்கிள்ஸ் நிறுவனம், நான்கு கதவு ஜீப் ரேங்ளரின் ஃபிரேமை வெட்டி 23 அங்குலம் நீட்டி, பின்னால் ஐந்தடிப் பெட்டி பொருத்தி, பிக்கப் டிரக்காக மாற்றிக் கொடுத்தது. எடுத்துக்கொண்டது 2018 வரை வந்த ஜே.கே. தலைமுறை ரேங்ளரை. 2019-ல் ஜீப்பே கிளாடியேட்டர் என்ற பிக்கப்பை விற்கத் தொடங்கிவிட்டது. அதனால் இப்போது புரூட் வேண்டுமென்றால் யாரோ ஓட்டியதைத்தான் வாங்க வேண்டும்.

"அப்போ கிளாடியேட்டரையே வாங்கியிருக்கலாமே?" என்று கேட்டவர்களில் முதல் ஆள் என் மனைவி. வாரன்ட்டியோடு, ஊர் முழுக்க சர்வீஸோடு கிடைக்கிற வண்டி அது. அவள் கேட்டது நியாயம்தான். எனக்கு இது பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

நான் டெக்சஸில் டாலஸ் பக்கம். வண்டி இருந்தது கொலராடோவில், டென்வர் அருகே. மாடல் 2014. வருடத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். 2011 வரை வந்த ஜே.கே.யில் இருந்தது 3.8 லிட்டர் எஞ்சின். இவ்வளவு எடையை இழுக்க அது திணறும். 2012-ல் 3.6 லிட்டர் பென்டாஸ்டார் வந்தது. ஆனால் முதல் ஒன்றரை வருடத்து எஞ்சின்களில் இடதுபக்க சிலிண்டர் ஹெட் தகராறு பேர்போனது. 5.7 லிட்டர் ஹெமி எஞ்சின் மாற்றிய புரூட்டும் ஒன்று விற்பனைக்கு இருந்தது. ஆசையாகத்தான் இருந்தது, மாற்றிய பாடிக்குள் மாற்றிய எஞ்சினும் இருந்தால் எந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்துவது என்று விட்டுவிட்டேன்.

இந்த வண்டியை வாங்குவதில் உள்ள சிக்கல் எல்லாமே ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகிறது. வண்டியின் அடையாள எண்ணான வின் நம்பரை எந்தக் கம்ப்யூட்டரில் தட்டினாலும் 'ரேங்ளர் அன்லிமிடெட்' என்றுதான் வரும். டிரக் என்று ஒன்று கண்ணெதிரே நிற்கும், காகிதத்தில் இருக்காது.

முதலில் இது தெரிந்தது லோனில். கடன் கொடுப்பவர்கள் வண்டியின் விலையைப் புத்தக மதிப்பை, அதாவது மாடலையும் வருடத்தையும் வைத்துப் போட்ட பட்டியல் விலையை வைத்துத்தான் போடுகிறார்கள். பத்து வருடத்துப் பழைய ரேங்ளருக்கு என்ன மதிப்போ அதற்குத்தான் லோன். மாற்று வேலைக்கான ரசீதைக் காட்டினேன். தலையாட்டினார்கள், தொகை மாறவில்லை. மீதியைக் கையிலிருந்து போட வேண்டியிருந்தது. பேரம் பேசும்போது இது உதவியும் செய்தது. முழு லோன் கிடைக்காத வண்டிக்கு வாங்குபவர்கள் குறைவு என்பது விற்பவருக்கும் தெரியும்.

அப்புறம் சோதனை. சாதாரண 'வாங்கும் முன் பார்க்கும்' மெக்கானிக் எஞ்சின், பிரேக், டயர் பார்த்துவிட்டு கையெழுத்துப் போட்டுவிடுவார். எனக்கு அது போதாது. ஆஃப்ரோடு வண்டிகளையே பார்க்கிற ஒரு பட்டறையில் லிஃப்டில் ஏற்றச் சொன்னேன். ஃபிரேம் நீட்டிய இடத்து வெல்டிங்கில் துரு, விரிசல், யாராவது மறுபடி வைத்த வெல்டு இருக்கிறதா என்பது முதல் கேள்வி. நீளமான டிரைவ் ஷாஃப்டின் யூ-ஜாயின்ட், நீட்டப்பட்ட பிரேக் லைன், பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கிற சுவரில் தண்ணீர்க் கசிவு, இவை அடுத்து. பின்பக்கக் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்கச் சொன்னதற்கு விற்பவர் கொஞ்சம் முகம் சுளித்தார். காய்ந்துதான் இருந்தது.

முன்னால் சாலிட் ஆக்ஸில் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே இறுக்கமான அச்சு) இருப்பதால் 'டெத் வாபிள்' பற்றியும் சொல்ல வேண்டும். ஹைவேயில் ஒரு மேட்டில் சக்கரம் இடித்ததும் ஸ்டீயரிங் நிற்காமல் உதறும். வேகத்தைக் குறைத்தால்தான் அடங்கும். டிராக் பார் போல்ட் தளர்ச்சி, தேய்ந்த பால் ஜாயின்ட், டயர் பேலன்ஸ் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அதனால் தெருவுக்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டு 'ஓகே' சொல்லக் கூடாது, ஹைவேயில் ஏற்றிப் பார்க்க வேண்டும். பெரிய டயர் போட்டிருப்பதால் ஸ்பீடோமீட்டரையும் போன் ஜி.பி.எஸ்.ஸோடு ஒப்பிட்டேன். பயணியர் பக்க டக்காட்டா ஏர்பேக்கை மாற்றித் தரும் ரீகால் வேலை முடிந்திருக்கிறதா என்று அமெரிக்க சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ. தளத்தில் பார்த்தேன், முடிந்திருந்தது. வின் நம்பர் உருப்படியாகப் பயன்பட்ட ஒரே இடம் அதுதான்.

விற்பவர் பேரில் லோன் பாக்கி இருந்தது. அவருக்குக் கடன் கொடுத்த கிரெடிட் யூனியன் (கூட்டுறவு வங்கி மாதிரி) கிளையிலேயே சந்தித்து, பாக்கிக்கு ஒரு காசோலை அவர்களுக்கு, மீதிக்கு ஒன்று அவருக்கு என்று கொடுத்தேன். பணத்தை அவர் கையில் கொடுத்து 'நீங்களே கட்டிவிடுங்கள்' என்று மட்டும் செய்யாதீர்கள், ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். 2011 முதல் வந்த மாடல்களுக்கு 20 வருடம் வரை ஓடோமீட்டர் அறிவிப்பு (வண்டி ஓடிய தூரத்தை எழுதித் தருவது) கட்டாயம் என்பதால் அதிலும் கையெழுத்து வாங்கினேன். கொலராடோவில் நம்பர் பிளேட் விற்பவரிடமே தங்கிவிடும். தற்காலிக பெர்மிட் எடுத்துத்தான் ராட்டோன், அமரில்லோ வழியாக ஓட்டி வந்தேன்.

அதிக நேரம் தின்றது இன்சூரன்ஸ். முதல் ஏஜென்ட் வின் நம்பரைப் போட்டுவிட்டுச் சந்தோஷமாகக் குறைந்த பிரீமியம் சொன்னார். "வண்டி முழுசாகப் போனால் எவ்வளவு தருவீர்கள்?" என்று கேட்டேன். ரேங்ளரின் சந்தை விலை. போட்ட பணத்தில் பெரும்பகுதி காற்றில் போகும் என்று அர்த்தம். 'அக்ரீட் வேல்யூ' பாலிசிதான் சரி: தொகையை முன்கூட்டியே பேசி எழுதிவிடுவார்கள். அதற்குப் புகைப்படங்கள், ஏ.இ.வி. ரசீது, தனி மதிப்பீட்டாளர் அறிக்கை எல்லாம் கேட்டார்கள். தினமும் ஆபீஸ் போக ஓட்டக் கூடாது என்றும் நிபந்தனை. எனக்கு வேறு கார் இருப்பதால் சரி. இது ஒன்றுதான் வண்டி என்றால் இந்தக் கணக்கே வேறு.

கவுன்டி வரி அலுவலகத்தில் ஒரு வேடிக்கை. டெக்சஸில் தனிநபரிடம் வாங்கினால், கொடுத்த விலை அல்லது அரசு போடும் உத்தேச மதிப்பில் 80 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதற்கு 6.25 சதவீதம் வரி. விலையைக் குறைத்து எழுதுபவர்களைப் பிடிக்கத்தான் இந்த விதி. நான் எழுதிய விலையோ அவர்கள் திரையில் இருந்த ரேங்ளர் மதிப்பைத் தாண்டி எங்கேயோ நின்றது. கவுன்டரில் இருந்த அம்மா, "இது சரியான தொகைதானா?" என்று மறுபடி கேட்டார். போட்டோவைக் காட்டியதும் சிரித்துவிட்டு ரசீது அடித்தார்.

இப்போது மிச்சமிருக்கும் கவலை உதிரி பாகம். எஞ்சின், ஆக்ஸில், கதவு எல்லாம் ஜீப்புடையது, எங்கேயும் கிடைக்கும். பின்பெட்டியும் அதன் பக்கத் தகடும் அப்படி இல்லை. யாராவது பின்னால் வந்து இடித்தால் தேடி அலைய வேண்டியதுதான். அதனால் யாராவது விபத்தில் சிக்கிய புரூட்டைப் பிரித்து விற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு டெயில்கேட் கிடைத்தால்கூட கராஜில் போட்டு வைப்பேன். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.