காதால் வழி கண்ட விமானிகள்

கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டிலிருந்த பழைய டிரான்சிஸ்டரில், பெங்களூர் நிலையத்தின் 612 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலை ஒலிபரப்பைக் கேட்டுக்கொண்டே பெட்டியை மெல்லத் திருப்பினால், ஒரு கட்டத்தில் குரல் தேய்ந்து ஏறக்குறைய அடங்கிவிடும். உள்ளே அலையை வாங்கும் ஆன்டெனாவாக இருக்கும் ஃபெரைட் கம்பியின் முனை அப்போது நிலையத்தை நேராக நோக்குகிறது என்று பொருள். ஆனால் நிலையம் இருப்பது ஓசூர்ப் பக்கமா, ஊத்தங்கரைப் பக்கமா என்பதை அந்த அமைதி சொல்லாது. மேகத்துக்குள் தரை தெரியாமல் பறந்த அக்கால விமானிகளின் திண்டாட்டம் எனக்குப் புரியத் தொடங்கியது அந்தப் பெட்டியிலிருந்துதான்.

1930களில் அமெரிக்க வான்வழிகளில் நான்கு பாதை வானொலி நிலையங்கள் பரவின. நிலையத்தைச் சுற்றியுள்ள நான்கு கால்வட்டங்களில் எதிரெதிரான இரண்டில் மோர்ஸ் தந்திக் குறியீட்டின் ‘ஏ’, அதாவது புள்ளி-கோடு, ஓங்கி ஒலிக்கும். மற்ற இரண்டில் ‘என்’, அதாவது கோடு-புள்ளி. ஒன்றின் இடைவெளியை மற்றொன்று நிரப்பும்படி அவை அனுப்பப்பட்டதால், இரண்டும் சம வலிமையில் வந்து சேரும் கோட்டில் விமானியின் காதில் இடைவிடாத ஒரே ரீங்காரம் கேட்கும். அதுவே அவர் பறக்க வேண்டிய பாதை. நிலையத்துக்கு நேர் மேலே வந்ததும் ஒலி சட்டென்று அற்றுப்போகும்.

வழி தவறியவருக்கோ ‘ஏ’ கேட்டால் மட்டும் போதாது, ஏனென்றால் ‘ஏ’ கால்வட்டங்கள் இரண்டு. அவர் ஒரே திசையில் சில நிமிடங்கள் பறந்து, ஒலி வளர்கிறதா தேய்கிறதா என்று உற்றுக் கேட்டு, நிலையத்தை நெருங்குகிறாரா விலகுகிறாரா என்று முடிவு செய்ய வேண்டும். இதற்காக, ஒலியளவைத் தானாகச் சமன்செய்யும் வசதியை அணைத்துவிட்டு, கையாலேயே ஒலியைக் குறைத்து வைத்துக்கொள்வார்கள். மலைகளுக்கு நடுவே, எரிபொருள் குறைந்துகொண்டிருக்கும்போது இத்தனை பொறுமையோடு கேட்ட அந்தக் காதுகளை எண்ணி நான் இன்றும் வியக்கிறேன்.

கோடை மழைக்கு முன் எங்கள் ஊரில் மின்னல் வெட்டும் ஒவ்வொரு முறையும் டிரான்சிஸ்டர் கரகரக்கும். அந்த நிலையங்களும் குறைந்த அதிர்வெண்ணில் இயங்கியவை என்பதால், வழி மிகவும் தேவைப்பட்ட இடிமழை வேளையில்தான் இதே கரகரப்பு புள்ளியையும் கோட்டையும் விழுங்கியது. பின்னாளில் 108 முதல் 118 மெகாஹெர்ட்ஸ் வரையிலான உயர் அதிர்வெண்ணில் வந்த வி.ஓ.ஆர். எனும் திசைகாட்டும் வானொலி நிலையங்கள் அந்த இரைச்சலிலிருந்து பெரும்பாலும் தப்பியதோடு, நிலையத்திலிருந்து எந்தத் திசையில் இருக்கிறோம் என்பதை விமானத்திலுள்ள கருவியின் முள்ளாலேயே காட்டின.